முதல் நாளே மாத்திரை கொடுத்துவிட்டார்கள்

அரசாங்கம் ஒருத்தனுக்கு எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிறது என்றால் அவன் கதை முடியப்போகிறது என்று அர்த்தம். இப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் யாரோ சொன்னதைக் கேட்டு நம்பியதல்ல. தீர விசாரித்து, காரணகாரியம் பார்த்து, முழு மனதோடு நம்பினேன். ஐம்பதை நெருங்குகிற ஓர் ஆள் இவ்வளவு கவனமாக முட்டாளாக முடியுமா என்றால், முடியும். அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு நேரம் இருந்தது. ஆடி மாதம். நான் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன். ஆடியில் எங்கள் பக்கம் தாலி கட்ட ஆள் கிடையாது. அதனால் தென்காசி வட்டாரத்து வீடியோக்காரர்கள் பல் பிடுங்குவது, கண்ணாடி மாற்றுவது, பங்காளிகளோடு சமாதானம் பேசுவது என்று தள்ளிப்போட்டதையெல்லாம் ஆடிக்குத்தான் வைத்துக்கொள்வோம். நான் வைத்துக்கொண்டது மூல ஆபரேஷன். ராத்திரி பகலாக மண்டபத்தில் உட்காராமல் வேலை பார்க்கிறேனே, அதைத் தொழில்பக்தி என்று எத்தனையோ பெண்ணின் அப்பாக்கள் மெச்சியிருக்கிறார்கள். உட்கார முடியாது என்ற உண்மை எனக்கும் நாற்காலிக்கும் மட்டும் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். மூலத்துக்கு வந்தவனிடம் குடும்ப சௌக்கியம் விசாரித்தால் பேச்சு வேறெங்கோ போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு முட்டுவலி என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். எச்.ஐ.வி. இருக்கிற மாதிரித் தெரிகிறது, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் உறுதிசெய்துகொள்ளுங்கள், அங்கேயே மருந்தும் உண்டு, ஆபரேஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். மலேரியா வந்தவனிடம் எந்தக் கொசு, அதற்கு என்ன வயசு, உனக்கும் அதற்கும் எத்தனை நாள் பழக்கம் என்று யாரும் கேட்பதில்லை. நான் கல்யாணம் ஆகாதவன், துறவியும் இல்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள், உறுதிசெய்தார்கள், ஆலோசகர் அறைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா. என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் மேடம் என்றுதான் வாயில் வந்தது. அவர் நிதானமாக ரொம்ப நேரம் பேசினார். என் தலை அந்த மாதிரி நேரத்தில் கல்யாண மண்டபத்து மைக் மாதிரி ஆகிவிடும். சத்தம் கேட்கும், ஒரு சொல்லும் விளங்காது. வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். பிறகு எடை பார்த்தார்கள். இருமல் இருக்கா, சளி இருக்கா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார்கள். எதுவும் இல்லை, மூலம்தான் உண்டு என்றேன். டாக்டர் பார்த்தார். கடைசியில் என் கையில் ஒரு மாத்திரை டப்பாவைக் கொடுத்தார்கள். தினமும் ஒன்று. இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

இன்றைக்கே!

அங்கேதான் எனக்கு வேர்த்தது. எச்.ஐ.வி. என்று சொன்னபோதுகூட வேர்க்காதவனுக்கு, மருந்தைக் கையில் கொடுத்ததும் முதுகெல்லாம் ஊற்றிவிட்டது. காரணம், இந்த விவகாரத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு குருநாதர் இருந்தான்.

அவன் என் சேக்காளி, பள்ளிக்கூடத்திலிருந்தே. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறான். இளவயசில் வளைகுடாவுக்குப் போகக் கிளம்பி, விசாவுக்கு எடுத்த ரத்தத்தில் இந்தச் சமாச்சாரம் தெரியவந்து, போகாமலேயே திரும்பினவன். அவன் வீட்டுக்காரிக்குத் தெரியும்; அவளுக்கு நோய் இல்லை. மூன்றாவதாக எனக்குத் தெரியும். ஊருக்கு, அவன் விமானத்துக்குப் பயந்து திரும்பியவன். அந்தக் கதையைக் கட்டிவிட்டதும் நான்தான்.

டப்பாவைக் கேமரா பைக்குள் திணித்துக்கொண்டு நேராகக் குற்றாலத்துக்கு வண்டியை விட்டேன். நல்ல சீசன். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஊர்ப்பட்ட கூட்டம். கடை முன்னால் சட்டியில் நேந்திரங்காய் பொரிந்துகொண்டிருந்தது. சேக்காளி கரண்டியோடு நின்று இருமிக்கொண்டிருந்தான். மதினி, அதாவது அவன் வீட்டுக்காரி, தராசுப் பக்கம்.

கூட்டம் விலகின நேரம் பார்த்து அவன் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒன்றும் பதறவில்லை. "அடப்பாவி, நீயுமாலே?" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினான். "பயப்படாத. நான் எத்தன வருஷமா இருக்கேன், எனக்கென்ன கொறச்சல்? ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லிருப்பாங்களே?"

"இல்லலே. மாத்திர குடுத்துட்டாங்க."

கரண்டி சட்டியிலேயே நின்றுவிட்டது. "எப்ப?"

"இப்பத்தான். இன்னைக்கே ஆரம்பிக்கணுமாம்."

"மொத நாளேயா?"

"மொத நாளே."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஒரு காரியம் செய்தான். ஒரு தாளைச் சுருட்டி, சூடான சிப்ஸை அள்ளிப் போட்டு, "சாப்பிடு" என்று நீட்டினான். எங்கள் நட்பில் அவன் எனக்கு ஓசியில் ஒரு வில்லை கொடுத்தது கிடையாது. ருசி பார்க்க எடுத்தால்கூடக் கையில் தட்டுவான். அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு உறுதியாகிவிட்டது. நான் போகிறேன்.

"ஏன்லே இப்படிப் பாக்குத?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, சாப்பிடு. உப்புப் போதுமா?"

"மறைக்காமச் சொல்லு."

அவன் இருமி முடித்துவிட்டுச் சொன்னான். "எனக்கு அப்ப என்ன சொன்னாங்க? எதிர்ப்பு சக்தின்னு ஒரு கணக்கு பாத்தாங்க. ஒங்களுக்கு நல்லா இருக்கு, அது கொறஞ்சாத்தான் மாத்திர, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. போனேன். இன்னும் நல்லா இருக்குன்னாங்க. மறுபடி போனேன். மறுபடியும் நல்லா இருக்கு. அப்புறம் எதுக்குலே போகணும்? பாஸான பரீட்சையத் திருப்பித் திருப்பி எவனாவது எழுதுவானா?"

"மாத்திர வாங்கினவங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அவங்களயும் அங்கன பாத்திருக்கேனே. ரெண்டு பேர் தாங்கிக் கூட்டிட்டு வருவாங்க. எலும்பும் தோலுமா இருப்பாங்க. அந்த மாதிரி ஆளுகளுக்குத்தான் டப்பா. மறுதடவ போனா அதுல பாதிப் பேரக் காணாது. அதான் யோசிக்கேன்... நீ பாக்க நல்லாத்தான இருக்க? உள்ளுக்குள்ள என்னமோ ரொம்ப முத்திட்டு போலருக்கு."

ஒரு மனிதனைத் தேற்றுவதற்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது.

அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. மாத்திரை வேண்டாம் என்று அரசாங்கமே சொன்ன ஆள். முன்னெல்லாம் என்னைப்போல் தொப்பையாக இருந்தவன், இப்போது வயிறே இல்லாமல் கல்லூரிப் பையன் மாதிரி இருந்தான். கேட்டால், ஐந்தருவிக்கும் கடைக்கும் நடந்து நடந்து உடம்பு கச்சிதமாகிவிட்டது என்றான். இருமல் எண்ணெய்ப் புகையாம். மதினி தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "சட்டி அணைஞ்சிருக்கப்பவும் இருமத்தான செய்யுதாக" என்றாள். ரெண்டு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை. நாங்கள் என் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், முக்கியமான பேச்சு.

அன்றே முடிவெடுத்தேன். மாத்திரையைத் தொடப் போவதில்லை. தொட்டால் நான் மாத்திரை வாங்கும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன், தொடாவிட்டால் சேக்காளி கூட்டம். அவன் தொடாமல் இத்தனை வருஷம் இருக்கிறான். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? டப்பா கேமரா பைக்குள்ளேயே கிடந்தது. பழைய பேட்டரிகளோடு.

மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், சாவதற்கான ஏற்பாடுகளைச் செய்துவைப்பதில் தப்பில்லை என்று பட்டது. மறுநாளிலிருந்து நல்லவனாக ஆரம்பித்தேன். பழைய குற்றாலத்துக்குப் போய், இதுதான் கடைசி என்று நினைத்து, உதடு நீலமாகிற வரைக்கும் குளித்தேன். பிரானூர்ப் பக்கம் போய், இதுதான் கடைசி என்று பரோட்டாவும் கோழியும் தின்றேன். அது அவ்வளவு நன்றாக இருந்ததால் அந்த வாரம் அதையே பல தடவை கடைசியாகத் தின்றேன். சிவகிரியில் எனக்குப் போட்டியாக ஒரு வீடியோக்காரர். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாள். அவரைப் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஒங்க ட்ரோன் ஷாட்டு மாதிரி எனக்கு வராது" என்றேன்.  அவர், "தம்பி, குடிச்சிருக்கியா?" என்றார்.

இதில் நான் மறந்த ஒன்று, எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ரிட்டயர்டு போலீஸ். அக்கா. குத்துக்கல்வலசையில் அவள் கட்டிய வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அத்தான் பட்டாளத்திலிருந்து வந்து, கொஞ்ச காலம் இருந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூர். மகளிர் ஸ்டேஷனில் ஏட்டம்மாவாக இருந்து எத்தனையோ ஆம்பிளைகளை நாற்காலியில் உட்காரவைத்து உண்மையைக் கறந்தவள். அவள் முன்னால் நான் நல்லவனாக நடந்தேன். வாங்கச் சொல்லாமலே மங்குஸ்தான் வாங்கிவந்தேன். தண்ணித் தொட்டியைக் கழுவினேன். சாயங்காலமானால் அவள் முட்டுக்குத் தைலம் தேய்த்துக் காலை அமுக்கிவிட்டேன். ஒருநாள் அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்:

"ஏலே, யாருலே அவ?"

"எவக்கா?"

"நடிக்காத. சட்டையத் தேய்ச்சுப் போடுத. பேசாத ஆளுககிட்டல்லாம் போன் போட்டுப் பேசுத. தன்னால சிரிக்க, தன்னாலயே கண்ணு கலங்குத. எங்க சர்வீஸ்ல இதுக்கு ஒரே அர்த்தம்தான். வயசு என்ன அவளுக்கு?"

இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்கிறவனை அவள் வாழ்நாளில் நம்பியதில்லை.

அடுத்து நடந்ததுதான் உச்சம். எங்கள் ஊரில் ஆள் போனதும் முதல் வேலை, தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். அதற்குப் போட்டோ கேட்டு நள்ளிரவென்றும் பாராமல் என்னைத்தான் எழுப்புவார்கள். ஆதார் அட்டையிலிருந்து, குரூப் போட்டோவிலிருந்து, எவனோ ஒருவனின் தோளுக்குப் பின்னாலிருந்து முகத்தை வெட்டி எடுத்துக் கொடுத்து எனக்கே அலுத்துவிட்டது. என் படத்துக்கு அந்தக் கதி வரக்கூடாது. ஒரு பக்கம் காது மட்டும் பக்கத்து ஆளுடையதாக நான் தெருமுனையில் தொங்கக்கூடாது. ஆகவே நானே எடுத்துவைத்துவிடுவது.

மத்தியானம் அக்கா தூங்கினதும் ஹாலில் நீலத்துணியைக் கட்டினேன். லைட் வைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, கேமராவில் டைமரைத் தட்டிவிட்டு, ஓடிப்போய் ஸ்டூலில் கவனமாக அமர்ந்தேன். என் தொழிலே "சிரிங்க, சிரிங்க" என்று கத்துவது. கேமராவைப் பார்த்ததும் வாய் தானாக இளிக்கிறது. அஞ்சலிப் படத்தில் இளிக்கலாமா? இறுக்கிக்கொண்டேன். எடுத்துப் பார்த்தால் மூலக்காரன் முகம். மறுபடி எடுத்தேன். துக்கமாக இருக்கட்டும் என்று நினைத்ததில், எனக்கே அஞ்சலி செலுத்த வந்தவன் மாதிரி இருந்தது. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

நீலத்துணியைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா! தரகனுக்குக் குடுக்கவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். "தாடைய இப்படித் தூக்கு. தொங்குத சதை தெரியுதுலா. அந்தப் பேனாவப் பையில செருகு. வேல பாக்குத ஆளுன்னு தெரியட்டும். ஆங், இப்பச் சிரி." கேமராவைத் தட்டிவிட்டுத் திரையில் படத்தைப் பார்த்தாள். "எம்மா, ராசா மாதிரில்லா இருக்க. இதக் காட்டினா எவலே வேண்டாம்னு சொல்லுவா?"

படம் உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த படம். இதைத் தெருமுனையில் போட்டால் தெரியாதவன்கூட நின்று அழுவான். அதை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தவன், சிரித்துச் சிரித்து, எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூலத்திலிருந்து.

 அக்கா லைட்டை அணைத்தாள். நீலத்துணியை அவிழ்த்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு சொன்னாள்: "இதுக்குத்தான் ஒரு வாரமா எனக்குக் கால அமுக்கிவிட்டியா?"

"ஆமாக்கா."

"மாத்திர எங்க?"

"பைல கெடக்கு. தின்னல."

"ஏன்?"

சேக்காளியின் பேரைச் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஓர் ஆள் என்று சொல்லி என் சித்தாந்தத்தை விளக்கினேன். மாத்திரை வேண்டாதவன் நல்லா இருக்கிறான், மாத்திரை வாங்கினவர்கள் செத்துப்போனார்கள், ஆகையால். அவள் சர்வீஸில் எத்தனையோ வாக்குமூலம் கேட்டவள். என்னுடையதைக் கேட்டபோது அவள் முகம் போன மாதிரி எந்தத் திருடனுக்கும் போயிருக்காது. "காலைல எட்டு மணிக்கு ரெடியா இரு" என்றாள்.

காலையில் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். இறங்கியதும், ஸ்டேஷனுக்கு ஆளைக் கொண்டுபோகிற அதே மாதிரி, ஒரு கை என் சட்டை நுனியில். மாத்திரை கொடுக்கிற மையத்தின் வெளியே பெஞ்சுகள். போன தடவை பயத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்த்தேன். சேக்காளி சொன்ன எலும்பும் தோலும் எங்கே? செங்கோட்டை பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி இருந்தது. ஒரு பெண் மடியில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தாள். வேட்டி கட்டிய ஒருவர் போனில் யாரிடமோ தென்னைக்கு உரம் போடுவதைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரே ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவர் மட்டும்தான் நோயாளி மாதிரி இருந்தார். மற்றவர்களெல்லாம் எங்களுக்கு முன்னால் வந்து, அக்காவுக்கு ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லாமல் செய்தவர்கள்.

ஆலோசகர் மேடத்தின் அறைக்குள் நுழைந்ததும் அக்காவே விசாரணையை ஆரம்பித்தாள். "மேடம், இவன் சாகப்போறானா? உள்ளதச் சொல்லுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, அன்னைக்கே எல்லாம் சொன்னேனே?"

"தலையாட்டினேன் மேடம். கேக்கல."

அவர் சிரிக்காமல், மறுபடி ஒருதரம், இந்தத் தடவை எனக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்பு இருந்த விதி வேறு. எதிர்ப்பு சக்தி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. அதனால் மாத்திரை வாங்கினவர்களெல்லாம் ஏற்கெனவே உடம்பு விழுந்தவர்கள். பாதிப் பேருக்கு அதற்குள் காலம் கடந்திருக்கும். போகப் போக அந்த அளவை உயர்த்தினார்கள். பிறகு அளவே வேண்டாம் என்றாயிற்று. இப்போது இருக்கிறது என்று தெரிந்தால் போதும், திடமாக இருந்தாலும் உடனே மாத்திரை.

"அப்ப எனக்கு முத்திப்போனதால குடுக்கலையா?"

"உங்களுக்கு ஒண்ணுமே முத்தல அண்ணாச்சி. முத்தக்கூடாதுன்னுதான் குடுத்தது. தினமும் ஒழுங்காச் சாப்பிட்டா கெழவனாகி வேற ஏதாவதுலதான் போவீங்க."

அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு மூச்சு விட்டது அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

மேடம் சொல்லிக்கொண்டே போனார். "அப்ப எங்க கவல, ஆளு பொழைப்பாரான்னு. இப்பக் கவல வேற. ஒரு வலியும் இல்லாம பரோட்டா தின்னுட்டுத் திரியுத ஆளுகிட்ட மாத்திரையக் குடுத்து, இதத் தெனமும் முழுங்கணும்னு நம்ப வைக்கணும். உங்கள மாதிரி டப்பாவ வாங்கிப் பதுக்கி வச்சிட்டா என்ன செய்ய?" நான் பரோட்டா விஷயத்தை அவரிடம் சொல்லவே இல்லை. முகத்திலேயே தெரிந்திருக்கிறது.

பிறகு, "யாரு அண்ணாச்சி ஒங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?" என்றார்.

"பேரு சொல்லமாட்டேன். அப்ப மாத்திர வேண்டாம்னு திருப்பி அனுப்பின ஒரு ஆள்."

"எப்பருந்து வரல?"

"பல வருஷம். பாஸாகிட்டேங்கான்."

"அப்படி நெறையப் பேரு இருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னோம். நல்லாத்தான இருக்கோம்னு வராமலே போயிட்டாங்க. விதி மாறினது அவங்களுக்குத் தெரியாது, அவங்க இருக்க இடம் எங்களுக்குத் தெரியாது." பிறகு கேட்டார். "அவருக்கு இருமல் இருக்கா?"

"இருக்கு. எண்ணெய்ப் புகைன்னு சொல்லுதான்."

"உடம்பு?"

"கச்சிதமா..." என்று சொல்ல வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். வாயில் அந்தச் சொல் கல் மாதிரி கிடந்தது. ஒரு வாரமாக நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது எதைப் பார்த்து என்று அப்போதுதான் புரிந்தது.

"பேரெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி," என்றார் மேடம். "ஆளக் கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க."

அன்று சாயங்காலம் சிப்ஸ் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் சேக்காளி மறுபடி தாளைச் சுருட்டிச் சிப்ஸை அள்ளிப் போட்டான். "வேண்டாம்லே, நான் சாகல" என்றேன். "அப்படியா?" என்று சிப்ஸைத் திருப்பிச் சட்டிப் பக்கத்துத் தட்டில் கொட்டிவிட்டான். நட்பு பழைய நிலைக்குத் திரும்பியது.

விஷயத்தைச் சொன்னேன். விதி மாறிவிட்டது, இப்போது எல்லாருக்கும் மாத்திரை, நாளைக்கு வா.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குத்தான் வேண்டாம்னுட்டாங்களே!"

"அது அப்பலே. இப்ப வேணுமாம்."

"ஒனக்குக் குடுத்தாங்கன்னா நீ தின்னு. தொணைக்கு என்னய ஏன் இழுக்க? ஒத்தையில போகப் பயமா இருக்கா?" பக்கத்தில் மதுரைக்காரர்கள் சிப்ஸுக்கு நின்றார்கள். அவர்களில் ஒருவர், ஏதோ ஐந்தருவிக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க பிரதர், தண்ணி சூப்பரா விழுகுது" என்று அவனுக்கு ஊக்கம் கொடுத்தார்.

அவன் கோபத்தின் காரணம் எனக்குப் பிடிபட்டது. இந்த ஆளின் கையிலிருந்த ஒரே நல்ல சேதி அது. வளைகுடா போச்சு, பேர் போகாமல் காப்பாற்ற ஒரு பொய், யாரிடமும் சொல்ல முடியாத ஒரு வியாதி. ஆனால் மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் சிப்ஸ் பொரித்திருக்கிறான். அதைப் போய் நான் பிடுங்கினால்?

பேசிப் பயனில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். பேட்டரிகளுக்கு நடுவே கிடந்ததில் மூடியெல்லாம் கீறல். அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, மதினி கொடுத்த தண்ணீரைக் குடித்து முழுங்கினேன். அவன் சட்டியை மறந்துவிட்டு, நான் அங்கேயே விழப்போகிறேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஈடு காய் கருகியது.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன். "உசுரோட இருக்கேன்" என்று ஆஜர் கொடுத்துவிட்டு, அவன் முன்னால் மாத்திரை போட்டேன். அதற்கு மறுநாளும். ஒருநாள் கண்ணைச் செருகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். அவன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "சும்மாலே" என்று எழுந்ததும் அதே கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினான். கொஞ்ச தூரம்தான் ஓடினான். அப்படியே மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கி, இருமி இருமி நின்றான். நான் திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றேன். சிரிப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு அப்படி ஆவது அபூர்வம்.

"பொகைலே" என்றான்.

"இங்கன ஏதுலே பொகை?" என்றேன். சுற்றிலும் சாரல்தான்.

 நாங்கள் நடந்து திரும்பினோம். வழியில் அவன் ஒன்று மட்டும் கேட்டான். "போனா, ஏன் இத்தன வருஷம் வரலன்னு ஏசுவாங்களோ?"

இதுதான் அவனுக்குப் பயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. சாவு இல்லை. ஏச்சு. "என் அக்காவே ஏசல" என்றேன். "அவங்க எங்க ஏசப்போறாங்க?"

ரெண்டு நாள் கழித்து மலையில் பேய்மழை. அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது என்று குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். பாதையே வெறிச்சென்று கிடந்தது. நான் போனபோது சேக்காளி ஆறிப்போன சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான், இருமியபடி. மதினி தராசைத் துடைத்துக் கவிழ்த்தாள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மடித்தாள். நல்ல சட்டையைக் கையில் கொடுத்தாள். "இன்னைக்குக் கூட்டம் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன சாக்குச் சொல்லப்போறீக?" என்றாள். அவன் சட்டையை மாட்டினான். ஷட்டரை அவளே இழுத்துவிட்டாள்.

என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான்.  ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, "நீயும் உள்ள வருவல்லா?" என்றான். வந்தேன்.

மேடம் ஏசவில்லை. உட்காருங்க என்றார். ரத்தம் எடுத்தார்கள், சளி எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எதிர்ப்பு சக்தி ரொம்பக் கீழே போயிருந்தது. நுரையீரலில் டி.பி. இருந்தது. முதலில் அதற்கு மருந்து ஆரம்பித்தார்கள். மதினியையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள், அவளுக்கு இல்லை. ரெண்டு வாரம் போல் கழித்து அவனுக்கும் எனக்குக் கொடுத்த அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். அவன் சாப்பிடுகிறான். நானும் சாப்பிடுகிறேன்.